வாசிக்காமல் போட்ட கையெழுத்து

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். இரண்டு நாளாக மேகம் கூடுவதும் கலைவதுமாக ஏமாற்று வேலை. பத்தாம் வகுப்பு இடைத்தேர்வுத் தாள் நாற்பத்திரண்டு. பதினொன்று திருத்தியாயிற்று.

வாங்க வேண்டியவை: ஜெனிக்கு மாதுளை, மிருதுவான பல் பிரஷ். மிக்ஸி ஜாருக்கு வாஷர். சிவப்புப் பேனா.

பக்கத்து வீட்டு லூர்து அக்கா இன்றும் கீழாநெல்லியோடு வந்துவிட்டார். "வெறும் வயித்துல மோர்ல கலக்கிக் குடுங்க சார். மஞ்சக்காமாலை இருந்த எடந் தெரியாமப் போயிரும்." ஜூன் மாதம் நான் அவிழ்த்துவிட்ட கதை. என் மகள் ஜெனிக்கு மஞ்சள்காமாலையாம். அவளுக்கு வந்திருப்பது நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய் என்று இந்தத் தெருவில் எங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. முடி கொட்டி மொட்டை அடித்ததும் அடுத்த கதை: வேளாங்கண்ணிக்கு வேண்டுதல். என் பொய்க்கு மாதாவையும் துணைக்கு இழுத்தாயிற்று.

என் மனைவி ரோஸ்லின் கீழாநெல்லியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். தொட்டியில் கொட்டித் தண்ணீர் திறந்துவிடும் சத்தம். லூர்து அக்கா இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

நாளை மதுரை. ஸ்கேன் முடிவு. ஐந்தரை பஸ்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

டோக்கன் 31. பதினொன்றரை மணிக்குத்தான் கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா படத்தைக் காட்டினார். இரண்டு சுற்று மருந்தில் கட்டி சுருங்கியிருக்கிறது, எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. இனி வேறு மருந்து. இதைவிடக் கடுமையானது. 18ஆம் தேதி தொடக்கம். குணமாகும் என்ற நம்பிக்கை நன்றாகவே இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னார். ஜெ. கேட்டது ஒன்றே ஒன்று: "எம்.எஸ்ஸி. அட்மிஷன அடுத்த வருஷத்துக்குத் தள்ளிரவா டாக்டர்?"

அவள் ரத்தப் பரிசோதனை வரிசையில் நின்றபோது சுகந்தி என்னைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு விளக்கம் சொல்லும் ஆலோசகர். முப்பது வயதிருக்கும்.

"சார், ஜூன்ல ஜெனிஃபர் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அந்த மருந்து கருமுட்டைய அவ்வளவா பாதிக்காது, அதனால நானும் வற்புறுத்தல. இது அப்படி இல்ல சார். இதுக்கப்புறம் குழந்தை பிறக்கிறது ரொம்பக் கஷ்டமாயிடலாம். நான் அவங்ககிட்ட இன்னொரு தடவை பேசிடறேனே."

"வீட்ல வச்சு நானே கேட்டுச் சொல்றேன்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். புதன்கிழமை ஆபரேஷன் வச்சாத்தான் திங்கள் மருந்துக்குச் சரியா வரும். இந்தத் தடவ அவங்களே பேசணும் சார்."

இந்த டைரியிலும் எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதப் போகிறேன். ஜெனி வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளிடம் யாரும் கேட்கவே இல்லை.

ஜூனில் நடந்தது. சுகந்தியின் அறை. மேசைமேல் கருப்பையின் பிளாஸ்டிக் மாதிரி, இரண்டு பக்கமும் சினைப்பை. அதைப் பார்த்த உடனே ஜெ.யை "நீ போயி ஜூஸ் வாங்கிக் குடிம்மா" என்று வெளியே அனுப்பினேன். அவளிடம்தான் பேச வேண்டும், இருபத்தொரு வயதுப் பெண் என்றார் சுகந்தி. அதற்கு நான், "நான் சயின்ஸ் வாத்தியாரும்மா. பயாலஜி. என் பொண்ணுக்கு நானே சொல்லிக்கிறேன்." அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு நிம்மதி! "அப்ப உங்களுக்கு நான் சொல்லவே வேணாம் சார்" என்று சிரித்தார். ஆனாலும் முழுவதும் சொன்னார். வயிற்றில் சின்னத் துளை போட்டு ஒரு சினைப்பையின் மேல்தோலை எடுப்பார்கள். சென்னையில் ஓர் ஆய்வு நிலையத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஒப்பந்தம், அன்றைக்கே குளிர்பெட்டியில் கார் வந்து கொண்டுபோகும், அங்கே உறைய வைப்பார்கள். நோய் தீர்ந்து கல்யாணம் ஆன பிறகு திரும்ப வைக்கலாம். செலவை ஓர் அறக்கட்டளை ஏற்கிறது. சம்மதம் இருந்தால் மட்டும் ஒரு துணுக்கு ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கு. இல்லாவிட்டாலும் மற்றதெல்லாம் அப்படியே நடக்கும்.

எல்லாம் புரிந்தது. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு அந்த இடத்தில் ஆபரேஷன், நாளைக்கு ஊரில் என்ன பேசுவார்கள் என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடியது. அவள் உயிரைப் பற்றிய நினைப்புக்கூட அந்த நேரம் இரண்டாவதுதான். சம்மதம் கேட்கும் பச்சைத் தாளில் 'வேண்டாம்' கட்டத்தில் நானே டிக் போட்டேன். வெளியே வந்து ஃபைலின்மேல் வைத்து, "இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா" என்று விரலால் காட்டினேன். ஒரு கையில் சாத்துக்குடி ஜூஸ். மறு கையால் போட்டுக் கொடுத்தாள். என்ன தாள் என்று கேட்கவில்லை. எதிலும் வாசிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்று இருபத்தாறு வருடமாக வகுப்பில் சொல்லி வருகிறவன் நான்.

ஆகஸ்ட் 6, புதன்

கொத்தமங்கலம் போகிற வழியில் வண்டி பஞ்சர். பள்ளிக்கு இருபது நிமிடம் தாமதம்.

பத்தாம் வகுப்பு ஆண்டுத் திட்டம் எழுதிக் கொடுக்கச் சொன்னார் தலைமை ஆசிரியர். இனப்பெருக்கப் பாடத்துக்கு நேராக எப்போதும்போல ஒரு பாடவேளை. எப்போதும்போல அதுவும் நடக்காது. மலர், மகரந்தம், தேனீ வரை ஜோராக நடத்துவேன். மனிதனுக்கு வந்தால், "இத வீட்டுல படிச்சுக்கங்க. முக்கியமான கேள்வி மட்டும் குறிச்சுத் தாரேன்." ஜெ. பத்தாவது படித்தபோது என் வகுப்பில் மூன்றாவது பெஞ்ச். அந்த வருடம் கேள்விகளைக்கூட நான் சொல்லவில்லை. கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

மதியம் ஆய்வகத்தில் பீரோவைத் திறந்தேன். அந்தப் பிளாஸ்டிக் கருப்பை இங்கேயும் உண்டு. வாங்கிய நாளிலிருந்து செய்தித்தாள் சுற்றியே இருக்கிறது. பிரித்து வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். "ஜெனி, உன் சினைப்பைல…" அதற்குமேல் வரவில்லை. இன்னொரு தடவை. தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

"என்ன ஆரோக்கியசாமி சார், தனியா பேசிக்கிட்டிருக்கீக?"

"பாடம் சார்."

"நடத்துங்க, நடத்துங்க."

மறுபடியும் செய்தித்தாளைச் சுற்றி உள்ளே வைத்துப் பூட்டினேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

சாயங்காலம் நல்ல மழை. செக்காலை ரோட்டில் முழங்கால் தண்ணீர். தாள் முப்பது முடிந்தது.

வாஷர் வாங்கினேன், அளவு தப்பு.

ஜெ. வாய்ப்புண் பரவாயில்லை என்றாள். தயிர்சாதம் இரண்டு கரண்டி. பிறகு சும்மா இருந்தவள் திடீரென்று, "அந்த சுகந்தி அக்கா எதுக்குப்பா என்னைய ஒரு மாதிரி பாத்தாக?"

"அவுக எல்லாரையும் அப்பிடித்தான் பாப்பாக."

"இல்ல. பாவமாப் பாத்தாக."

மழைச் சத்தத்தில் கேட்காதது மாதிரி எழுந்து மாடிக் கதவைச் சாத்தப் போனேன். கதவு ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது. ஐம்பத்து நான்கு வயதில் மகளைப் பார்த்து ஓடுகிறேன்.

ரோஸ்லினிடம் சொல்லி ஜெ.யிடம் கேட்கச் சொல்லலாமா? அப்படியானால் ஜூனில் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

போன் மூன்று தடவை அடித்தது. சுகந்தி. எடுக்கவில்லை. மேசை டிராயருக்குள் போட்டேன். டிராயருக்குள்ளிருந்தும் அதிர்ந்தது. பின் பெஞ்சில் யாரோ, "சார், போனு." வகுப்பே சிரித்தது.

மதியம் பர்மிஷன் போட்டு வீட்டுக்கு வந்தேன். வரும் வழி முழுக்க ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் மறந்துவிட்டது.

ஜெ. கூடத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் மிக்ஸி ஜாரை எடுத்துவைத்துக் கழற்ற ஆரம்பித்தேன். ஜாரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ஜூன்ல ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்குனேனே. அது சம்பந்தமா…"

"எது? பச்சைக் கலர் பேப்பரா?"

"ஆமா."

"அதுல என்ன?"

"புது மருந்து போட்டா, பின்னால, அது… கல்யாணத்துக்கு அப்புறம்… அதுக்கு முன்னாடியே எடுத்து வச்சுக்கலாம்னாக. நான் வேண்டாம்னுட்டேன்."

"என்னத்த எடுத்து?"

வாஷரை எடுத்து வைத்தேன். மறுபடி எடுத்தேன். அவள் கையிலிருந்த பூண்டைத் தட்டில் போட்டாள்.

"பிள்ள பெத்துக்கிறதுக்கானதா?"

தலையாட்டினேன்.

"அது யாருக்குப்பா வேண்டாம்?"

அவள் எழுந்து என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள். மூன்று மிஸ்டு கால். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாற்பது நிமிடம். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் குரல் தெளிவாகக் கேட்டது. கேள்வி மேல் கேள்வி. நான் சொல்லத் திணறிய அத்தனை சொல்லும் அவள் வாயில் சாதாரணமாக வந்து போயிற்று.

ரோஸ்லின் அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "எங்கிட்டயுமா மறச்சீக? நானென்ன ஊருக்குள்ள போயித் தண்டோராவா போடப் போறேன்? அவள பெத்தவ நானு." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

ஜெ. வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது, குரல் சரியாகவே இருந்தது. "செவ்வாய்க்கிழமை அட்மிட். புதன்கிழமை ஆபரேஷன். ரத்தத்துல வெள்ளையணு சரியா இருக்கான்னு பாத்துட்டுத்தான் செய்வாகளாம். நீங்க லீவு போட வேணாம். அம்மா வருவாக."

வெட்கமாக இருக்கிறது. இதைவிட நல்ல சொல் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஏழு மணிப் பூசை. கடைசி பெஞ்ச். ஜெ. மாஸ்க் மட்டும் போட்டிருந்தாள். தலையில் துணி இல்லை. ரோஸ்லின் நடுவில், நான் ஓரத்தில்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் லூர்து அக்கா. "மொகம் தெளிஞ்சிருக்கு. கீழாநெல்லி வேல செய்யுது பாத்தியா?"

"எனக்கு மஞ்சக்காமாலை இல்ல அக்கா. கேன்சரு. மதுரையில பாக்குறோம். மொட்டை வேண்டுதலும் இல்ல, மருந்துக்கு முடி கொட்டிருச்சு."

"அடி ஆத்தே." அவ்வளவுதான் சொன்னார். ஜெ.யின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ரெண்டு மாசமா எங்கிட்ட வாங்கி வாங்கி உள்ள வச்சீகளே சார். வயல் வரப்பெல்லாம் தேடி அலஞ்சனே, ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

சுற்றி நாலைந்து பேர். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "மன்னிச்சுக்கங்கக்கா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மதியம் அவர் வீட்டிலிருந்து கோழி ரசம் வந்தது. ஜெ. முழுவதும் குடித்தாள். பாத்திரத்தைக் கழுவிக் கொடுக்க நான்தான் போனேன். அவர் வாங்கிக்கொண்டார், உட்காரச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வர வேண்டாம் என்று அவள் சொல்லியும் போனேன். அதே பஸ், மூன்று வரிசை பின்னால். மேலூரில் ரோஸ்லின் திரும்பிப் பார்த்து ஒரு வாழைப்பழம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

வெள்ளையணு சரியாக இருக்கிறது. நாளை காலை ஆபரேஷன். சென்னை வண்டி பத்து மணிக்கு வந்து நிற்குமாம்.

சுகந்தி வாசலில் நின்று, "ஜெனிஃபரும் அம்மாவும் மட்டும் வாங்க" என்றார். எப்போதும் பார்த்ததும் சிரிப்பார். இன்று இல்லை. அவர் மேலும் தப்பில்லையா என்று ஒரு நொடி நினைத்தேன். பிறகு அந்த நினைப்புக்கும் கூசினேன். என் வாத்தியார் வேலையை நம்பியது அவர் செய்த தப்பா?

வெளியே நீளப் பெஞ்ச். பதினைந்து இருபது பேர். பக்கத்தில் சிவகங்கைப் பக்கத்துக்காரர் ஒருவர், மனைவிக்கு மார்பில் கட்டி என்று நான் கேட்காமலே சொன்னார். அவர் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து ஜெ. மட்டும் வெளியே வந்தாள். கையில் அதே பச்சைத் தாள், இந்தத் தடவை மூன்று பக்கம்.

"சாட்சிக் கையெழுத்து அம்மாவே போடலாம்னாக. நாந்தான் நீங்க போடணும்னு சொன்னேன்."

பேனாவை எடுத்தேன். கை நேராகத் தாளின் அடிப்பக்கம் போயிற்று. அவள் தாளை இழுத்துக்கொண்டாள்.

"வாசிச்சிட்டுப் போடுங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்வையை ஓட்டினேன். கட்டங்களில் எல்லாம் அவள் டிக். ஆராய்ச்சிக்கு ஒரு துணுக்கு தர சம்மதமா என்ற இடத்தில் அவள் கையால் 'சம்மதம்' என்றே எழுதியிருந்தாள்.

"மனசுக்குள்ள இல்லப்பா. சத்தமா."

"இங்கயா? இத்தன பேரு…"

"இங்கதான் அன்னைக்கும் கையெழுத்து வாங்குனீக."

சிவகங்கைக்காரர் எங்களைப் பார்த்தார். எதிரே ஒரு அம்மா டிபன் பாக்ஸை மூடிவிட்டுப் பார்த்தார். வாசித்தேன். "ஜெனிஃபர் ஆகிய நான், எனது இடது சினைப்பையின்…"

"கேக்கல."

"எனது இடது சினைப்பையின் திசுவை எடுத்து, உறைநிலையில் பாதுகாக்க…" வியர்த்துக் கண்ணாடி வழுக்கியது. நிறுத்தவில்லை. கருமுட்டை வந்தது, கருப்பை வந்தது, வருங்காலத்தில் நான் விரும்பினால் என்று ஒரு வரி வந்தது. அந்த வரியில்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவள் காத்திருந்தாள். அதையும் வாசித்து முடித்தேன். முதல் பக்கத்தின் கடைசிப் புள்ளிவரை.

நிமிர்ந்து பார்த்தேன். போதும் என்பாள் என்று நினைத்தேன்.

"அடுத்த பக்கம்" என்றாள்.