முதல் செம்புப் பால்

சைகோன், கான் ஹொய்
4 ஜூன் 1931

என் அருமைச் சோம்பேறி அரிகிருஷ்ணனுக்கு,

உன் முதலாளி சேஷாசலம் எழுதுறது. எழுத்து கோணலா இருந்தா, மாட்டுக்குத் தீனி வைக்கிற கைன்னு நெனைச்சுக்க. இருமல் தேவலையா? வுங் டாவ்ல கடல் காத்து, வேளைக்குக் கஞ்சி, கன்னியாஸ்திரீங்க கவனிப்பு. மாப்பிள்ளை விருந்துகூட இப்படி இருக்காதுடா. டாக்டர் மூணு மாசம்னா மூணு மாசம்தான். செலவு என் பாடு. என் தொழுவத்து ஈரத்துல படுத்துத்தானே உனக்கு நெஞ்சுல சளி கட்டுச்சு.

படகுக்காரர் ரேமோன்கிட்ட ஒரு டப்பா குடுத்திருக்கேன். திரட்டுப்பால். நானே கிண்டுனேன். அடி கொஞ்சம் பிடிச்சிடுச்சு. பல்லு உனக்குத்தான் இருக்கே, மென்னு தின்னு.

சேஷாசலம்


வுங் டாவ் ஆஸ்பத்திரி
13 ஜூன்

முதலாளி ஐயாவுக்கு அரிகிருஷ்ணன் கும்பிட்டு எழுதுறது.

திரட்டுப்பால் வந்துச்சு. காந்தல் வாசனைதான், ஆனாலும் வழிச்சுத் தின்னுட்டேன். மூச்சு இப்ப கொஞ்சம் சீரா வருது.

ஐயா, ஒண்ணு கேக்கணும். நம்ம பசு துரைசாணி என் கை இல்லாம வேற கை பட்டா மடியை இறுக்கிக்குவாளே. இப்ப யாரு கறக்குறா? கறக்குறவனுக்கு மொதல் செம்புப் பால்னு நம்ம தொழுவத்து வழக்கம். அதை யாரு குடிக்கிறா? வேற ஆள் வெச்சிருந்தா சொல்லிடுங்க. தெரியாமக் கிடக்குறது இருமலைவிடக் கஷ்டமா இருக்கு.

அரிகிருஷ்ணன்


கான் ஹொய்
20 ஜூன்

டேய் கேள்விக்காரா,

புது ஆள் வெச்சாச்சு. உன்னைவிட ஒசத்தி. சம்பளமே கேக்க மாட்டான். மொதல்ல துரைசாணி ரெண்டு உதை விட்டா. அப்புறம் கொடியில கிடந்த உன் அழுக்குத் துண்டைத் தலையில கட்டிக்கிட்டுப் போய் உக்காந்தான். மோந்து பாத்தா, நீதான்னு நெனைச்சுப் பாலை இறக்கிட்டா. உன் வேர்வை நாத்தத்துக்கும் ஒரு மதிப்பு இருக்குடா. பால் ஊத்தப் போனா வெள்ளைக்கார வீட்டுச் சமையக்கட்டுல எல்லாம் அவனைப் பாத்ததும் பொன்ழூர்னு வணக்கம் சொல்றாங்க. நீ நிம்மதியாத் தூங்கு.

டப்பா அனுப்பியிருக்கேன். இந்தத் தடவையும் காந்தல்தான்.

சேஷாசலம்


வுங் டாவ்
29 ஜூன்

ஐயாவுக்கு,

நல்ல ஆள் கிடைச்சதுல சந்தோசம். மொதல் செம்பு இனிமே அவரோடதுதான். துண்டையும் அவரே வெச்சுக்கட்டும். என் பொட்டியை மட்டும் ரேமோன் அண்ணன்கிட்ட குடுத்துவிடுங்க.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புறேன். டாக்டர் கூடாதுங்கிறார். வேலை போனவன் உங்க காசுல படுத்திருக்கிறது நியாயமில்ல. துறைமுகத்துல மூட்டை தூக்கினாப் பொழைச்சுக்கலாம். இத்தனை நாள் சோறு போட்டீங்க, மறக்க மாட்டேன். டப்பாவைப் பிரிக்கல. திருப்பி அனுப்பியிருக்கேன்.

அரிகிருஷ்ணன்


கான் ஹொய்
2 ஜூலை

டேய் மடையா,

ரேமோனை நிக்கவெச்சு எழுதுறேன், படகு கிளம்பப் போவுது. பொட்டியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அந்தப் புது ஆள் நான்தான்டா. வழுக்கைத் தலையில உன் துண்டைக் கட்டிக்கிட்டு இந்த வயசுல மாட்டுக்கிட்ட உதை வாங்குறவன் வேற எவன் இருப்பான்? நீ சிரிப்பேன்னு நெனைச்சேன். படுத்துக் கிடக்குறவன்கிட்ட விளையாடுற விளையாட்டு இல்ல அது. எனக்கு இப்பதான் உறைக்குது.

உன் மொதல் செம்பை எவனும் தொடல. தெனமும் உன் பேருக்கு எடுத்துவெச்சு, சுண்டக் காய்ச்சி, அதைத்தான் டப்பாவுல அடைச்சு அனுப்புறேன். நீ தின்னது உன் பங்குடா. அந்த டப்பாவையும் இதோட திருப்பி அனுப்பியிருக்கேன், பிரி.

தொழுவத்துக்குத் தள்ளி, மேடு போட்டு, பலகை அடிச்சு உனக்கு ஒரு அறை எழுப்பிக்கிட்டு இருக்கேன். இனிமே ஈரத்துல படுக்க வேணாம். டாக்டர் சொல்ற அன்னிக்கு வா. அந்த நெஞ்சை வெச்சுக்கிட்டு மூட்டை தூக்கினா மூணு நாள் தாங்க மாட்டே. பதில் எழுதுடா. ரேமோன் வெறுங்கையோட வந்தா எனக்குச் சோறு இறங்காது.

சேஷாசலம்


வுங் டாவ்
11 ஜூலை

தொழுவத்துப் புது ஆளுக்குப் பழைய ஆள் எழுதுறது.

ஆளுக்கு ஆள் எழுதுறதால மரியாதை கொறைஞ்சிருக்கும், பொறுத்துக்க. திரட்டுப்பால் கிண்டுறப்ப அடுப்பைத் தணிச்சு வை, கரண்டியை நிறுத்தாதே. கறக்குறப்ப துரைசாணிகிட்ட ஊர்வம்பு பேசு, வையாதே. என் துண்டைத் தப்பித்தவறிக்கூடத் துவைச்சிடாதே. நான் டாக்டர் சொல்ற அன்னிக்குத்தான் வருவேன். வந்ததும் உன் சீட்டைக் கிழிச்சிடுவேன். அதுவரைக்கும் ஒழுங்கா வேலை பாரு.

முதலாளி ஐயாவைப் பாத்தா, நான் கும்பிட்டேன்னு சொல்லு. படிச்சுட்டு ரொம்ப நேரம் சிரிச்சேன், இருமல் வரலன்னும் சொல்லு.

டப்பாவுல பாதியைத் தின்னுட்டு மீதியை அனுப்பியிருக்கேன். அது உனக்கு. கறக்குறவனுக்குத்தானே மொதல் செம்பு.

அரிகிருஷ்ணன்