சாமிக்கு ஆகிற செடி

அக்டோபர் 24, வியாழன்

மழை விட்டிருக்கிறது. தெருக்கோடி சிவன் கோயிலின் வெளிப்பிராகாரத்தில் கணுக்கால் உயரத்துக்குப் பச்சை. திங்களன்று மூன்றாவது முறை செடிகளை எண்ணிவிட்டால் வேலை முடிந்தது.

பேராசிரியர் காயத்ரி பிஎச்.டி.க்கு இந்த ஆண்டு ஒரே ஒருவரைத்தான் எடுக்கிறார். விண்ணப்பத்தோடு சொந்தமாகச் செய்த சிறு கள ஆய்வும் வேண்டும். தாவரச் சமூகம் — எந்தச் செடி எதோடு சேர்ந்து வளர்கிறது, எது எதை அண்டவிடுவதில்லை என்று பார்ப்பது. எங்கள் தெருவில் மனிதர்களை வைத்து எல்லோரும் செய்வதுதான். அப்பாவைப் பொறுத்தவரை நான் குரூப் டூவுக்குப் படிக்கிறேன். எம்.எஸ்ஸி. முடித்த அன்றே, "இதுக்கு மேல படிப்பு வாணாம்மா" என்று சொல்லிவிட்டார். இடம் கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

அக்டோபர் 27, ஞாயிறு

அப்பாவின் உழவாரக் குழு மாதத்தில் ஒரு ஞாயிறு ஏதாவது ஒரு கோயிலுக்குப் போய்ப் புல் பூண்டு நீக்கிவிட்டு வரும். இன்று வாலாஜாபாத் பக்கம் என்றுதான் சொல்லியிருந்தார். மழைச் சேறு என்று இங்கேயே மாற்றிவிட்டார்களாம்.

மத்தியானம் சட்டையெல்லாம் மண்ணாக வந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. "எவனோ முளைக்குச்சி அடிச்சு, கயிறு கட்டி, கட்டம் கட்டமா பிரிச்சு வெச்சிருக்கான்மா. கோயில் எடத்துல ப்ளாட் போடப் பாத்துக்கினு இருக்கான். வுட்டுடுவமா? குச்சியைப் புடுங்கி எறிஞ்சுட்டு, உள்ள இருந்த செடியையும் சுத்தமா எடுத்துட்டோம்."

அம்மா, "நல்லாப் பண்ணீங்க" என்று மோர் ஊற்றினாள். நான் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். கட்டங்கள் என்னுடையவை. விஷயம் தெரிந்த கோயில் காவலாளி பரசுராமன் இன்றைக்கென்று பார்த்து லீவு.

அக்டோபர் 28, திங்கள்

காலையில் போய்ப் பார்த்து அழுதுவிட்டு வந்தேன். வள்ளிக்குப் போன் செய்தேன். என்னோடு படித்தவள். "போன மாச நம்பரைக் கொஞ்சம் கூட்டிக் கொறச்சுப் போட்டுடுடி. யாரு வந்து பாக்கப் போறா?" என்றாள். யோசித்தேன். யோசிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

சாயங்காலம் மறுபடி போனேன். காலையில் இதை எப்படிப் பார்க்காமல் விட்டேன்? பார்த்தீனியம், குப்பைமேனி, கோரை எதுவும் இல்லை. ஆனால் தும்பை நிற்கிறது. அருகம்புல்லும், மூலையில் ஊமத்தையும். குச்சி இருந்த குழிகளை வைத்துக் கட்டம் கட்டமாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அப்படித்தான்.

அக்டோபர் 29, செவ்வாய்

சொல்லிவிட்டேன். "அந்தக் கட்டமெல்லாம் என்னுதுப்பா."

அப்பா நெய்துகொண்டிருந்த தறியை நிறுத்தினார். பிறகு, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா வுட்டிருப்பீங்களா?"

அவர் மறுபடி தறிப் பக்கம் திரும்பினார். நானே கேட்டேன். "தும்பையை மட்டும் ஏம்பா வுட்டீங்க?"

"சாமிக்கு ஆகுற செடிமா. அதுல போய் கை வெப்பாங்களா?"

கேள்வியே அவருக்கு விளங்கவில்லை. வேறு இடங்களில் மேய்கிற ஆடுகளும் வெயிலும் தீர்மானிப்பதை இங்கே பக்தி தீர்மானிக்கிறதா? இத்தனை வருஷமாகவா?

அக்டோபர் 31

தீபாவளி. என் புதுத்துணியை அம்மாவிடம் கொடுத்தனுப்பினார் அப்பா.

நவம்பர் 14

விண்ணப்பம் அனுப்பினேன். நடந்ததை நடந்தபடியே எழுதினேன்: எதைப் பிடுங்கினார்கள், எதை விட்டார்கள். 'பிடுங்கியவர்கள்: என் தகப்பனார் உமாபதியும் குழுவினரும்.' வள்ளி தலையில் அடித்துக்கொண்டாள்.

டிசம்பர் 9

நேர்காணல். காயத்ரி மேடம் ஒன்றையே பிடித்துக்கொண்டார். "தும்பை நிறைய இருக்கறதுக்கு மண் காரணமா, இவங்க விட்டுவைக்கறது காரணமா? எப்படி நிரூபிப்ப?"

"சில கட்டத்துல தும்பையையும் பிடுங்கிப் பாக்கணும், மேடம்."

"உங்கப்பா விடுவாரா?"

"தெரியல, மேடம்."

மேடம் பேனாவை மூடினார். கெடுத்துக்கொண்டேனோ?

ஜனவரி 22

கிடைத்துவிட்டது. எனக்குத்தான்!

அப்பா, "எத்தினி வருஷம்?" என்றார். "அஞ்சு." "கல்யாணம்?" "அதுவும் பண்ணிக்கலாம்பா." தறிக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் குழுவில் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது: "அந்தக் கோயில்ல இனிமே எங்க பொண்ணைக் கேக்காம யாரும் புல்லுல கை வெக்கக் கூடாது."

அக்டோபர் 12, ஞாயிறு

ஆய்வின் முதல் மழைக்காலம். சில கட்டங்களை அப்படியே விட வேண்டும், சிலவற்றை அவர்கள் வழக்கப்படி, சிலவற்றில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் பிடுங்க வேண்டும். முதல் இரண்டையும் அப்பா ஒத்துக்கொண்டார். மூன்றாவதைக் கேட்டதும் எழுந்துவிட்டார்.

"என்னால ஆகாதுமா. நீ புடுங்கு. நான் அந்தப் பக்கம் பாத்துக்கினு நிக்கிறேன்."

முதுகைக் காட்டி நின்றார். ஈர மண்; தும்பை தொட்டதும் வந்தது. பூவும் வேருமாக. கடைசிச் செடியும் வந்த பிறகு அப்பா திரும்பி, தோள்துண்டை விரித்து நீட்டினார்.

"குடு. சாமிகிட்ட வெச்சுட்டு வரேன்."

"எடை போடணும்பா."

சன்னதியைப் பார்த்தார். தராசைப் பார்த்தார்.

"போட்டுட்டுக் குடு."

துண்டை ஏந்தியபடியே நின்றார். எடை போட்டுக் கொடுத்தேன்.