மூச்சை ஊதச் சொன்னவளுக்கு

அக்கா,

இன்னிக்குக் காலையில் ஆஸ்பத்திரியில் முட்டி மடக்கப் போன இடத்தில், பக்கத்துப் பெஞ்சுப் பொம்பளை தலை நிறைய விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அந்த நெடி மூக்கில் ஏறினதும் நீ வந்து நின்றாய். கூப்பிடாமல் வருவது உனக்கு எப்பவும் உள்ள பழக்கம்தானே.

ஆபரேசன் செய்த வலது முட்டி இன்னும் மடங்கவில்லை. இந்த வாரமும் மடங்காவிட்டால், மயக்க ஊசி போட்டு டாக்டரே மடக்கிவிடுவாராம். எனக்கு அதுதான் உதறல். போன தடவை ஊசி போட்டுக் கண் முழித்தபோது, எதிரில் நின்ன என் மூத்த பிள்ளை, பெரியவன் பேரு வாயில் வரவில்லை. எனக்கென்று இருக்கிற சொத்தே ஞாபகம்தான். அதையும் அங்கே விட்டுவிட்டு வரணுமா?

"பாட்டி, மூச்சைப் புடிக்காதீங்க. புடிச்சா வலி ஜாஸ்தியாவும். நீளமா விடுங்க" என்று தெரபி பொண்ணு தினமும் சொல்கிறது. எனக்கோ அவள் கை பட்டாலே பல் கடித்துக்கொள்ளும், மூச்சு நெஞ்சிலேயே நின்றுபோகும்.

இதையேதான் நீயும் சொன்னாய். பொதட்டூர்பேட்டை வீட்டில், தறிக்குப் பின்னால், பெரியவன் பிறக்கிற வலியில் நான் கிடந்தேன். நீ என் ஓரகத்தி, வீட்டுக்கு மூத்த மருமகள். என் இடுப்பில் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டே, தெருப் பொம்பளைங்க அத்தனை பேர் எதிரில் கேட்டாய்: "இன்னாடி, புள்ள பெத்துகினு கீறியா, தண்டோரா போட்டுகினு கீறியா? வாயைக் குவி. சூடு கஞ்சிய ஊதற மாதிரி ஊது. அப்புறம் கத்து."

எல்லாரும் சிரித்தார்கள். நான் ஊதினேன். வலிக்கும் எனக்கும் நடுவில் கொஞ்சம் இடம் கிடைத்தது. கலங்கிக் கிடந்த புத்தி தெளிந்தது. தெளிந்த புத்தியில் முதல் வேலையாக, யார் யார் சிரிச்சாங்க என்று முகம் முகமாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். இப்பக் கேட்டாலும் சொல்வேன்.

நீயும் அந்தப் பேச்சை விடவில்லை. பெரியவன் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடம், "தண்டோரா போட்டுப் பெத்த மாப்ளைங்க இவன்" என்றாய். நீ செத்த அன்னிக்கு எல்லாரும் அழுதுகினு இருக்க, நான் அதை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்னிக்கு அந்தப் பொண்ணு காலைப் பிடித்ததும் ஜன்னல் வழியாகக் கோயில் மலையைப் பார்த்தேன். முருகன் முகம் வரவில்லை. உன் முகம் வந்தது, அந்தச் சிரிப்போடு. வந்த கோபத்தில் வாயைக் குவித்து ஊதினேன். ஊத ஊதத் தொடை தளர்ந்தது. கண்ணில் தண்ணி கொட்டியது, மூச்சு மட்டும் நிற்கவில்லை.

"பாட்டி! நேத்து இதுல பாதி கூட மடங்கல. இன்னா பண்ணீங்க?"

"ஒருத்தர நெனைச்சுக்கினேன்."

"சாமியையா?"

"சாமி மேல எனக்குக் கோவம் இல்லியேம்மா."

இப்படியே மடங்கினால் ஊசி வேண்டாமாம். வீட்டுக்கு வந்தும் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. மடக்கிப் பார்க்கிறேன், நீட்டிப் பார்க்கிறேன், ஊதிக்கொண்டே இருக்கிறேன்.

இடது முட்டியும் தேய்ந்துகினு வருது, அக்கா. உன்மேல் இருக்கிற கோபத்தை அதுக்கும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன்.