நடக்க வந்தவங்களுக்குக் கொசுறு

ஆகஸ்ட் 4, திங்கள்
வெயில், புழுதிக் காத்து. கடைக்கு ஒட்டன்சத்திரம் காய்கறி லோடு லேட். தக்காளி இருபது பெட்டி, நாலு அழுகல்.

மைதானத்துக்கு இன்னைக்கும் ஒன்பது பேர்தான். மகள் ஷகிலாவின் ஆராய்ச்சி: நாகல் நகர்ப் பெண்கள் தானாக நடக்க வருவாங்களா, வந்தால் நிலைப்பாங்களா. விளையாட்டுச் சமூகவியலில் டாக்டர் பட்டம். கடைத்தெருவில் இன்னும் சிரிக்கிறாங்க. முப்பத்தாறு வயசு, காலேஜில் தற்காலிக வேலை, வருஷா வருஷம் நீட்டிப்புக்குக் காத்திருப்பு. இந்த அறிக்கை நல்லா வந்தாத்தான் இந்த வருஷ நீட்டிப்பு.

சும்மா வான்னா எவ வருவா? கொசுறாக் கொத்து கறிவேப்பிலை போடாத கடைக்கு யாரு ரெண்டாம் தடவை வாரா?

ஆகஸ்ட் 13, புதன்
காத்து நிக்கல. நடந்து திரும்புறவங்களுக்கு நம்ம கடையில் அரைக்கிலோ தக்காளி, ஒரு வாரமா. ஷகிலாவுக்குத் தெரியாது. வருகை எழுதினதும் நேரா காலேஜ் போயிடுவா.

இன்று 41 பேர். ராத்திரி ஷகிலா ரெண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். ஒருத்தி சொல்லி இன்னொருத்தி வாராளாம், அதைத் தனி அத்தியாயமா எழுதப் போறாளாம். தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி
காலேஜிலிருந்து பெரிய பேராசிரியர் அம்மா மைதானத்தைப் பார்க்க வந்தாங்க, நானும் போயிருந்தேன். எதுக்கு நடக்கிறீங்கன்னு ஒரு பெண்ணைக் கேட்டாங்க.

"நடந்தா பாய் தக்காளி தாராகல்ல."

என் செருப்பையே பார்த்துக்கிட்டு நின்னேன்.

வீட்டில் ஷகிலா சத்தம் போடல. கேட்டாள், ஒத்துக்கிட்டேன். புதுசா வந்தவங்களைக் கழிச்சிட்டு அந்த ஒன்பது பேரை மட்டும் வச்சுக்கம்மான்னேன். அழுகல் பொறுக்கிப் பழகின புத்தி.

"அந்த ஒம்பது பேரும் இப்ப எதுக்கு வாராங்கன்னு எனக்குத் தெரியாதே, அத்தா."

நடந்ததை நடந்தபடியே அறிக்கையில் எழுதிட்டாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி
நீட்டிப்பு இல்லை. வீட்டுக்காரி என்னோட பேசுறதில்லை. முட்டு வலிக்குத் தைலம் வாங்கணும்.

மேசையில் ஷகிலா நடக்க வந்த பெண்களிடம் கொடுத்த படிவம். முதல் கேள்வி: விளையாட்டை எந்த வயதில் விட்டீர்கள், நிறுத்தியது யார். ஷகிலா பத்தாவதுல வாலிபால் டீம். நிறுத்தினது நான்.

செப்டம்பர் 1, திங்கள்
மேகமூட்டம். தக்காளி கிடையாதுன்னு போன வாரமே சொல்லியாச்சு. ஷகிலா எழுந்திருக்கல. நான் மைதானம் போனேன்.

நாலு பேர். டீச்சர் எங்கன்னு கேட்டாங்க. வருவாள்னேன். ரெண்டு சுத்துல மூணு பேர் கிளம்பிட்டாங்க. ஒருத்தி மட்டும் நடந்துக்கிட்டே இருந்தாள். எதுக்குன்னு கேட்கணும்னு கிட்டப் போனேன். எப்படிக் கேட்கிறதுன்னு தெரியல.