ஏழாவது ஜெபக் குறிப்பு

அன்புள்ள அம்மா,

இந்தக் கடிதத்தை ஊரே படிக்கப்போகிறது. கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதங்களும் எனக்கு அப்படித்தான் வந்தன.

நீயும் அப்பாவும் ஊழியத்துக்காகத் தான்சானியாவுக்குப் போனபோது எனக்கு எட்டு வயது. நெமிலிச்சேரியில் பெரியம்மா வீட்டில் என்னை விட்டுவிட்டுப் போனீர்கள். மாதம் ஒரு ஜெபக் கடிதம் சபைக்கு வரும். போதகர் அதை ஆராதனையில் வாசிப்பார். என் அம்மா எப்படி இருக்கிறாள் என்று மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து எல்லோரோடும் சேர்ந்து நானும் கேட்டுக்கொள்வேன்.

ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வாரத்தை நாள்நாளாக எழுதுவாய். திங்களன்று விடியும் முன்பே மருந்தறை வாசலில் தாய்மார்களின் வரிசை. செவ்வாயன்று அப்பா சைக்கிளில் மலைக்கிராமத்துக்குப் போய் முழங்கால்வரை செம்மண்ணோடு திரும்புவார். புதனன்று மழைநீர்த் தொட்டிக்குள் தவளை. வெள்ளி உபவாசம். சனிக்கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்துத் தலையில் எண்ணெய் தேய்த்துவிடுவாய்.

அதை வாசித்த ஞாயிற்றுக்கிழமை நான் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தேன். பேன் தொல்லை தாங்காமல் பெரியம்மா முந்தின நாள்தான் என் சுருட்டை முடியை மழிக்கவைத்திருந்தார். அன்று யார் பிள்ளையின் தலை உன் மடியில் இருந்தது அம்மா?

கடைசியில் ஜெபக் குறிப்புகள் வரும். கிணறு, கூரை, விசா, மருந்துப் பெட்டி என்று போய் ஏழாவதாக நான். "எங்கள் மகன் ஈசாக்கின் கணக்குப் பாடத்துக்காக ஜெபியுங்கள்." ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் மெக்கானிக் டேவிட் அண்ணன் என் மொட்டையைத் தட்டினார். "இன்னாடா ஈசாக்கு, உன் மார்க்கு ஆப்பிரிக்கா வரிக்கும் போய்ட்டு திரும்பி வந்துகீதாமே!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அதை இன்றுவரை மன்னிக்கவில்லை. அவரையல்ல, உன்னை.

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை விடுமுறையில் வருவீர்கள். அதிலும் பாதி நாள் சபை சபையாகச் சாட்சி சொல்லப் போய்விடுவீர்கள்.

அப்பாவை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு நீ தனியாகத் திரும்பியபோது எனக்கு முப்பது தாண்டிவிட்டது. ஆவடியில் ஒரே வீட்டில்தான் இருந்தோம். நீ அந்த ஊரைப் பற்றி ஆரம்பித்தால் நான் செய்தித்தாளை விரிப்பேன். கொஞ்ச நாளில் நீயும் நிறுத்திவிட்டாய்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கல்லறைக்குக் கல் வைக்கவேண்டும். 'ஊழியத்தாய்' என்று பொறிக்கச் சொல்கிறார்கள் சபையார். முடியாது என்றுவிட்டேன். நீ ஊருக்கெல்லாம் தாய் என்பதைக் கல்லிலும் நான் படிக்கவேண்டுமா? பூந்தமல்லியில் கல் வெட்டுகிறவர் வாரம் தவறாமல் போன் செய்தார். "சார், கல்லு ரெடியா கீது. இன்னா எழுதறதுன்னு சட்டுனு சொல்லு சார். மேல கோழி குந்திகினு கீது."

போன செவ்வாய்க்கிழமை நெயேமா பேசினாள். உன் மருந்தறையில் உதவிக்கு இருந்தவள். சபையில் கேட்டு என் எண்ணை வாங்கியிருக்கிறாள். வீடியோவில் என் முகத்தைப் பார்த்ததும், "நீதானா ஈசாக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுத் திரும்பி யாரையோ கத்திக் கூப்பிட்டாள். நாலைந்து பெண்கள் திரைக்குள் முண்டியடித்தார்கள். ஒருத்தி என் வழுக்கையைக் காட்டி ஏதோ சொல்ல, ஒரே சிரிப்பு.

"உன் அம்மா சொன்ன சுருட்டை முடி எங்கே என்கிறாள்" என்றாள் நெயேமா.

"எஸ்தர் சிஸ்டரோடு எத்தனை வருஷம் வேலை செய்தீர்கள்?" என்று கேட்டேன்.

"எஸ்தரா? அது யார்?"

உன் பெயர் அவளுக்குத் தெரியவில்லை அம்மா. அங்கே பிள்ளை பெற்றவளைத் தலைப்பிள்ளையின் பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிடுவார்களாம். முதல் திங்கட்கிழமையே, வரிசையில் நின்ற பெண்கள் உன் பிள்ளையின் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். ஈசாக்கு அவர்கள் வாயில் ஈசாக்கா; அன்றிலிருந்து நீ அவர்களுக்கு ஈசாக்காவின் அம்மா. மருந்துக்கு வந்தவர்கள், வழியில் நலம் கேட்டவர்கள், எண்ணெய் வைத்துக்கொண்ட அந்தப் பிள்ளைகள் எல்லோரும் என் பெயரைச் சொல்லித்தான் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். திங்கள் முதல் ஞாயிறு வரை, இருபது வருஷத்துக்கு மேல்.

இதை ஏன் ஒரு கடிதத்திலும் எழுதவில்லை? சபை நடுவே வாசித்துவிடுவார்கள் என்று உனக்கு மட்டும் வைத்துக்கொண்டாயா? நான் செய்தித்தாளை விரிக்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பாயா?

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுதமாட்டேன். அந்த மொட்டைத் தலை இன்னும் குளிர்கிறது. ஆனால் நேற்று கல் வெட்டுகிறவருக்கு நானாகவே போன் செய்தேன். "எஸ்தர்னு எழுதுங்க. கீழே, ஈசாக்கின் அம்மா. அவ்வளவுதான்."

"இம்மாந்தானா? ஊழியம் கீழியம்னு ஒண்ணும் வாணாமா? சபைல உன்னைக் கிழிச்சிருவாங்கோ சார்."

"கிழிக்கட்டும்."

"அது யாரு சார் ஈசாக்கு?"

"நான்தான்."

அவர் கல்லின் மேலிருந்த கோழியை விரட்டுவது போனில் கேட்டது. பிறகு, "சனிக்கிழமை வா சார், கூட இருந்து பாத்துக்க" என்றார்.

போகிறேன் அம்மா. கடைசி எழுத்து வெட்டி முடியும்வரை பக்கத்திலேயே நிற்பேன். முடிந்ததும் படம் எடுத்து நெயேமாவுக்கு அனுப்புவேன். நீ யார் என்று அவளுக்கும் தெரியவேண்டுமே.

உன் தலைப்பிள்ளை,
ஈசாக்கு