தார் பூசிய மரப்பாலம்

அப்பா,

இன்று சாயங்காலம் அம்மா பாலத்துப் பலகை ஒன்றைப் பிளந்து அடுப்பில் வைத்தார். வீடெல்லாம் தார்ப் புகை. வேலை முடிந்து நீங்கள் வாசலில் வந்து நிற்பது போலவே இருந்தது. இப்போது அம்மா தூங்குகிறார். விளக்கைச் சாக்கால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். ரோந்துக்காரர்களின் பூட்ஸ் சத்தம் கேட்டால் ஊதி அணைத்துவிடுவேன்.

பாலம் வருவதற்கு முன் நம் காஜா பேராங் ஊர்ச் சனங்கள் தண்டவாளத்தில் நிற்கும் சரக்கு ரயில் வண்டிகளுக்கு அடியில் குனிந்துதான் சந்தைக்குப் போனார்களாம். வண்டி நகர்ந்து ஒரு மீன்காரருக்குக் கால் போன பிறகுதான் தண்டவாளத்துக்கு மேலே மரப்பாலம் கட்டினார்கள். வருடந்தோறும் நீங்கள்தான் தார் பூசினீர்கள். "கரையான் கிட்டயே வராது பாப்பா. நான் கிழவனானாலும் இது நிக்கும்" என்பீர்கள்.

ஜப்பான்காரர்கள் தண்டவாளங்களைப் பெயர்த்து, புது ரயில் பாதை போடச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். பெயர்க்க வைத்த உங்களையும் அதே வண்டியில் ஏற்றினார்கள். பாலத்துக்குக் கீழே வெறும் சரளைக்கல்தான். ஆனாலும் பழக்கத்தில் ஊரே படியேறி இறங்கியது. கடைக்கார நாச்சியா அக்கா முதலில் விழித்துக்கொண்டு குறுக்கே நடந்தார்; பிறகு எல்லோரும் அப்படியே, அம்மா மட்டும் படியேறினார்.

"ஏன்க்கா, ரயிலுக்குப் பயமா? அதுதான் சயாம் போயிடுச்சே!" என்று நாச்சியா அக்கா அம்மாவைக் கேலி செய்தார்.

"போனது திரும்பி வரும்லா. அப்ப பாலம் வேணாமா?" என்றார் அம்மா.

விறகுக்குப் பலகை பெயர்க்க வந்தவர்களையும் அம்மா விடவில்லை. "கை வச்சுப் பாரு! அவரு வந்து கேட்டா நீயா பதில் சொல்லுவ?"

பத்து நாட்களுக்கு முன் உங்களோடு போனவர் ஒருவர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். பள்ளி விட்டு வந்த என்னை நிறுத்தி, "அப்பா காய்ச்சல்ல போயிட்டாரும்மா. அம்மாகிட்ட நீயே சொல்லு, என்னால முடியல" என்றார். நான் சொல்லவில்லை. சொன்னால் அம்மா பிறகு எழுந்திருக்கவே மாட்டார் என்று பயந்தேன். எனக்கு இருப்பது அவர் ஒருவர்தானே.

இன்று, "பலகையை யாரும்மா எடுத்தது?" என்று கேட்டேன்.

"நான்தான்."

நீங்கள் போன நாளிலிருந்து உங்கள் சாப்பாட்டுப் பங்கை ஒரு கிண்ணத்தில் மூடிவைத்து, மறுநாள் காலையில் அம்மா அதைத் தின்பது வழக்கம். இன்று அந்த மரவள்ளிக்கிழங்கையும் என் தட்டிலேயே வைத்தார்.

"எனக்குப் போதும்மா."

"அவரு இருந்தா உனக்குத்தான் தந்திருப்பாரு. சாப்பிடு."

தலை நிமிராமல் சாப்பிட்டேன். நீங்கள் இனி வரமாட்டீர்கள் என்பது எப்போது தெரியும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மா எழுந்து பாத்திரம் கழுவினார், பாய் விரித்தார். பத்து நாட்களாக நான் ஒருத்தியே உங்களைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன், அப்பா. இன்று மறுபக்கத்தை அம்மா பிடித்துக்கொண்டார்.