பேட்ஸ்மேனின் தொப்பி

மயிலாப்பூர்
14.6.1997

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

ரிஜிஸ்டர் கல்யாணம் ஆயிற்று என்று நீ போட்ட கார்டு கிடைத்தது. அதைப் பற்றி எழுத உட்காரவில்லை. இது உன் கம்ப்யூட்டர் சமாசாரம்.

கிரிக்கெட் விளையாட்டில் உன் பேட்ஸ்மேனுக்கு ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அந்தக் காலத்துத் தொப்பி ஒன்றைப் போட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? "இதனால ரன் கூட வருமா?" என்று கேட்டேன். "வராதுப்பா, சும்மா அழகுக்கு. ஹால்ல மாட்டியிருக்கிற காலேஜ் டீம் போட்டோல நீ போட்டிருக்கியே, அதே தொப்பி" என்றாய். கம்ப்யூட்டரை அணைத்தால் தொப்பி போய்விடும், மறுபடி போட வேண்டும் என்றும் சொன்னாய்.

நீ போன நாளிலிருந்து நான் அணைக்கவில்லை. பத்தொன்பது நாள். அதன் இரைச்சல் கேட்டால் நீ உள்ளே உட்கார்ந்து ஆடுவது போலிருக்கும். திரையை ஒரு துண்டால் மூடி வைத்தேன். "சொல்லாமப் போனவளோட கம்ப்யூட்டருக்கு நீங்க காவலா?" என்றாள் அம்மா. மறுநாள் அந்தத் துண்டை அவளே துவைத்துப் போட்டாள்.

இன்று மத்தியானம் கரண்ட் போய்விட்டது. வந்ததும் நீ சொல்லிக் கொடுத்தபடி விளையாட்டைத் திறந்தேன். பேட்ஸ்மேன் ஹெல்மெட்டோடு நிற்கிறான், யாரோ போல. எல்லாப் பட்டனையும் அழுத்திப் பார்த்துவிட்டேன். தொப்பி இருக்கும் இடம் அகப்படவில்லை.

அவரும் கிரிக்கெட் ஆடுவார் என்று எழுதியிருந்தாய். இந்தக் கம்ப்யூட்டர் ஆட்டத்தில் இரண்டு பேர் ஆடலாம் அல்லவா? நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எந்தப் பட்டன் என்று பதில் எழுதிவிடாதே. எழுத்தில் சொன்னால் எனக்குப் புரியாது.

அப்பா